ஆயில் பிரஷர் கேஜ் செட்: பழைய அம்பாசடருக்கும் மாருதி 800-க்கும் ஒத்துவருமா?

டேஷ்போர்டில் ஆயில் பிரஷருக்கான சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, அதனால் பிரஷர் சரி என்று நம்பித்தான் பல பழைய வண்டிகளின் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) தேய்ந்து லேத்துக்குப் போகிறது. அந்த விளக்கின் சுவிட்ச் வேலை செய்வதே 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அருகில்தான். 8 இருந்தாலும் விளக்கு எரியாது, 50 இருந்தாலும் எரியாது. பாலக்காட்டு எல்லையில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் பழைய வண்டியைப் பிரித்துச் சேர்க்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஆயில் சீல் அல்ல, பிரஷரை முள்ளால் எண்ணாகவே காட்டும் ஒரு மெக்கானிக்கல் கேஜ்.

ஆன்லைனில் பெயரில்லாமல் கிடைக்கும் செட்டில் 0–140 பி.எஸ்.ஐ. டயல், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரப்பர் ஹோஸ், பத்துப் பன்னிரண்டு பித்தளை அடாப்டர்கள் இருக்கும். ஹோஸ் பரவாயில்லை. டயல்தான் இடறுகிறது. 140-க்கு 2.5 சதவீதப் பிழை என்றாலே 3.5 பி.எஸ்.ஐ. ஆகிறது. ஐட்லிங்கில் 15 காட்டும் எஞ்சினில் அது கால்பங்கு. 0–100 டயல் உள்ள செட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பெரிய குறை அடாப்டர்களில். விளக்குச் சுவிட்சைக் கழற்றிய துளையில்தான் அடாப்டர் வழியாகக் கேஜை மாட்ட வேண்டும். செட்டில் வருவது பெரும்பாலும் என்.பி.டி. எனும் அமெரிக்கக் குழாய் மரை. மாருதி 800-இன் ஆயில் சுவிட்ச் துளை 1/8 பி.எஸ்.பி. (இங்கிலாந்துக் குழாய் மரை) டேப்பர், அம்பாசடரின் பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சினும் இங்கிலாந்து மரைக் குடும்பம்தான். அங்குலத்துக்கு பி.எஸ்.பி.யில் 28 மரை, என்.பி.டி.யில் 27, கோணமும் 55, 60 எனச் சேராது. என்.பி.டி. அடாப்டர் இரண்டு சுற்று ஏறியதும் இறுகும். அங்கே ஸ்பானர் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போயிற்று. கையாலேயே மூன்று சுற்று ஏறாத அடாப்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றுவதானால் முதல் மரையை விட்டுச் சுற்றவும், துணுக்கு ஆயில் வழிக்குள் போகக்கூடாது. திரும்பச் சுவிட்ச் மாட்டும்போது டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் விளக்கே எரியாது.

சோதனையை எஞ்சின் சூடேறிய பிறகு செய்யவும். இருபது நிமிடமாவது ஓடி வந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த கணக்கு ஜாதகம் மாதிரி, நல்லதை மட்டும் சொல்லும். ஹோஸ் சைலன்சர் மேனிஃபோல்டைத் தொடாமல் கட்டுங்கள், அதோடு வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள். சூடான ஆயில் சிவந்த இரும்பில் பீய்ச்சினால் தீதான். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கணக்கு. பி.எம்.சி. எஞ்சினில் சூட்டோடு ஓட்டத்தில் 50-ம், ஐட்லிங்கில் 15-ம் வந்தால் அதைத் தொடாமல் விடலாம்.

குளிரில் நன்றாக இருந்து சூட்டில் விழுந்தால் முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்பில் (எஞ்சினின் அடி ஆயில் தொட்டி) இறங்குகிறது. பம்ப்பை மாற்றி, ஆயிலை வடித்து 20டபிள்யூ-50 ஊற்றி மறுபடி அளக்கவும். வாடை இல்லையா, பேரிங் தேய்மானம். குளிரிலும் குறைவு என்றால் பார்க்க வேண்டியது ரிலீஃப் வால்வு (மிஞ்சிய பிரஷரைத் திறந்துவிடுவது), பிறகு சம்ப் ஸ்ட்ரைனர் (ஆயிலை வடிகட்டும் வலை). அம்பாசடரில் ரிலீஃப் வால்வின் குமிழ் நட்டைக் கழற்றி, பிளஞ்சருக்கு அடியில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும், சம்பை இறக்க வேண்டாம். முள் துடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் மட்டம் குறைவு, அல்லது சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் பைப் காற்றை இழுக்கிறது. ஸ்ட்ரைனரைத் திறந்தால் அதில் சிலிக்கான் பசைத் துணுக்குகள் கிடப்பதும் உண்டு; பேக்கிங்குக்கு அள்ளி அப்பியதன் பலன்.

ஒழுகலுக்கும் பிரஷருக்கும் உறவு குறைவு. தரையில் நாலு சொட்டு விழுந்தால் பிரஷர் இறங்காது, மட்டம் இறங்கினால்தான் இறங்கும். ஒழுகும் இடத்தை இந்தச் செட் காட்டாது. அதற்கு எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி உலர்த்தி, முகப்பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நனைந்த கோட்டை மேலிருந்து கீழே பாருங்கள். காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், ஆகவே ஈரத்தில் எது மேலே, எது முன்னே இருக்கிறதோ அதுதான் ஒழுகும் வாய். அம்பாசடரில் முதலில் பார்க்க வேண்டியது டாப்பெட் பக்கமூடியின் கார்க் பேக்கிங். போல்ட்டை அதிகம் இறுக்கினால் கார்க் பிதுங்கிக் கிழியும். அடுத்தது பழைய கிண்ண வகை ஃபில்டர். பள்ளத்தில் ஒட்டிய பழைய ரப்பர் வளையத்தை ஊசியால் எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்தால், ஸ்டார்ட் செய்த கணத்தில் பீய்ச்சும்.

பின்பக்கம் பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கூடு) துளையில் சொட்டுவது வேறு கதை. அந்தப் பழைய எஞ்சினின் கிராங்க் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம்தான். பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வழி) அடைத்திருந்தால் அங்கே ஆயில் தள்ளும், ஏற்றத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்தினாலும் சொட்டும். கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் முதலில் பிரீதர் பைப்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

விலைக்குச் செட் மோசமில்லை. வாங்கும்போதே 1/8 பி.எஸ்.பி. அடாப்டர் ஒன்றும் நாலைந்து செம்பு வாஷரும் தனியாக எடுத்து வையுங்கள், செட்டோடு வரும் வாஷர் இரண்டாம் முறை இறுக்கும்போது கசியும்.