சாண்ட்வுட் பே போகிறீர்களா? வண்டி மணல் வரை போகாது

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ ஸ்காட்லாந்து கூட்டிப் போகத் திட்டமிடுகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், சதர்லாந்தில் இருக்கிறது சாண்ட்வுட் பே கடற்கரை. "மணல் வரை வண்டியிலேயே போகலாம், பெரியவர்களுக்கும் ஏற்றது" என்று அதை யார் விற்றாலும் அது பொய். அந்தக் கடற்கரைக்குச் சாலையே கிடையாது. பிளேர்மோர் என்ற சின்னக் குடியிருப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, போக 4 மைல், வர 4 மைல் நடக்க வேண்டும். மணல் வரை வண்டியில் போய்வர யாரும் உங்களுக்கு ஏற்பாடு செய்து தர முடியாது.

எங்களுக்கு இதை விற்றவர்கள், இன்வர்னெஸ்ஸிலிருந்து ஒருநாள் பயணம் நடத்துவதாகச் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டிருந்தார்கள். ஆளுக்கு 115 பவுண்டு. அதில் ஜீப்பில் கடற்கரை ஓரம் வரை பயணம், கூடவே வழிகாட்டி, சூடான மதியச் சாப்பாடு, மழைக் கோட்டு, பூட்ஸ் எல்லாம் அடக்கம் என்று போட்டிருந்தது. படத்தில் வெளிர் மணல்மேல் ஒரு ஜீப் நின்றது. மாமனாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி அதிக நாள் ஆகவில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே நான் வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "முழங்கால் ஆபரேஷன் ஆனவர் ஒருவர் வருகிறார், எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?" வந்த பதில்: "பத்து நிமிடம், சமதரை, கவலையே வேண்டாம்." அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

முன்பணத்தைக் கடன் அட்டையில் வாங்கிக்கொண்டார்கள். மீதியை வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். இது பல இடங்களில் நடப்பதுதான், ஆனால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது பின்னால் புரிந்தது. அதற்கு வருகிறேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். வந்தது ஜீப் இல்லை, பழைய பதினாறு இருக்கை வேன். ஓட்டுநர் ஒருவர் மட்டும்தான், வழிகாட்டி என்று யாரும் இல்லை. லேர்க் ஊரைத் தாண்டியதும் லாக் ஷின் ஏரியின் கரையோடு ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட்டுத்தான் போக வேண்டும், வேகமாக ஓட்ட முடியாது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, பொட்டலத்தில் குளிர்ந்த சாண்ட்விச் கொடுத்தார்கள். அதுதான் சூடான மதியச் சாப்பாடு. கின்லாக்பெர்வியை ஒட்டித் திரும்பிப் பிளேர்மோர் வந்து சேரும்போது மணி பன்னிரண்டு.

வண்டி நின்றதும் ஓட்டுநர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்குப் பத்து பவுண்டு, ரொக்கமாக. இரண்டு, இங்கிருந்து நடை, இரண்டரை மணிக்கு வண்டி கிளம்பிவிடும்.

எங்கள் வண்டியில் இரண்டு கல்லூரி மாணவர்களும் கைக்குழந்தையோடு ஒரு தம்பதியும் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டோம். ஜீப் எங்கே என்றால் "பாதையில் வண்டிக்கு அனுமதி இல்லை" என்றார். பிறகு ஏன் விளம்பரத்தில் அப்படிப் போட்டீர்கள் என்றால் "நான் ஓட்டுநர்தான், அலுவலகத்தில் கேளுங்கள்" என்றார். எங்கள் போன்களில் சிக்னலே இல்லை. மழைக் கோட்டு, பூட்ஸ் பற்றிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் பாதையைப் பார்த்தார். "நாலு மைல்னா நம்ம கணக்குல ஆறு, ஆறரை கிலோமீட்டர். எனக்கு ஆகாதும்மா" என்றார். அத்தை என் கையைப் பிடித்து, "எங்களப் பத்தி யோசிக்காத, புள்ளையக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வா" என்றார். சரி, அவர்கள் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று என் கணவர் சொன்னால், ஓட்டுநர் வேனைப் பூட்டிக்கொண்டு கின்லாக்பெர்வி போய்ச் சாப்பிட்டு வரப்போவதாகச் சொன்னார். கெஞ்சியும் கேட்கவில்லை. எழுபது தாண்டிய இருவரையும் அந்தக் காற்றில் சாலையோரம் விட்டுவிட்டு வேன் போய்விட்டது. அங்கே சுற்றுவட்டாரத்தில் காற்றைத் தடுக்க மரம் கிடையாது. கோடையிலேயே சராசரி வெப்பநிலை பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான், காற்று சேர்ந்தால் இன்னும் கீழே இறங்கியது போல இருக்கும். என் கணவர் தன் கோட்டைக் கழற்றி மாமனாருக்குப் போர்த்திவிட்டு, ஒரு கல் சுவரின் மறைவில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

நானும் மகளும் நடந்தோம். முதல் ஏரியைத் தாண்டிச் சதுப்பு நிலத்தின் நடுவே போகும் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தும் கடல் கண்ணில் படவில்லை. திரும்பினால்தான் வண்டியைப் பிடிக்க முடியும் என்பதால் திரும்பிவிட்டோம். அந்த மாணவர்கள் மட்டும் கிட்டத்தட்ட ஓடியே போய்க் கடற்கரையைத் தொட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் வரத் தாமதமானபோது ஓட்டுநர் இஞ்சினைக் கிளப்பிவிட்டார். கைக்குழந்தை வைத்திருந்த அந்தப் பெண் வேனின் கதவை மூட விடாமல் நின்றதால்தான் அவர்கள் அங்கே கைவிடப்படவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள், இதுதான் இந்தப் பதிவில் முக்கியமானது. இன்வர்னெஸ்ஸிலிருந்து பிளேர்மோருக்கு எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. போக வர ஐந்து, இடையில் நிறுத்தினால் ஆறு. நடை மட்டுமே எட்டு மைல், சாதாரணமாக நடக்கிறவர்களுக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம். கடற்கரையில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டாமா? மொத்தம் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் தேவை. எங்களுக்கு விற்கப்பட்ட பயணம் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. யாரும் அந்தக் கடற்கரையைப் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் அந்த அட்டவணையைப் போட்டிருக்கிறார்கள். உங்களிடம் யாராவது இந்தப் பயணத்தை விற்றால், பிளேர்மோரில் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

நுழைவுக் கட்டணமும் அப்பட்டமான மோசடி. அந்த நிலம் 1993 முதல் ஜான் மியூர் டிரஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. கடற்கரைக்குப் போக யாரும் கட்டணம் வாங்குவதில்லை. ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்கிற யாரும் இப்படிப்பட்ட திறந்த நிலத்தில் காலாற நடந்து போகலாம். ரசீது கேட்டேன், தரவில்லை.

அந்த இடத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதே விடுமுறையில் பிறகு நாங்களே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். மாமனார், அத்தை, கணவர் மூவரும் கின்லாக்பெர்விக்குப் பக்கத்து ஓல்ட்ஷோர்மோர் கடற்கரையில் இருந்தார்கள். அங்கே கார் நிறுத்துமிடத்திலிருந்து மணல் பக்கம்தான், அதே அட்லாண்டிக், அதே வெளிர் மணல். முட்டி வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். டர்னஸ் ஊர்ப் பக்கம் பால்நகீல் கடற்கரையும் அப்படித்தான், சாலையை ஒட்டியே இருக்கிறது.

நானும் மகளும் சாண்ட்வுட்டுக்கு முழுதாக நடந்தோம். பாதை பாதிக்குமேல் குறுகிக் கல்லாக மாறும், ஈரமாக இருக்கும் இடங்களும் உண்டு, சாதா ஷூ போதாது. கடைசியில் மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் கடற்கரை மொத்தமாகக் கண்ணில் படுகிறது. ஒன்றரை மைல் நீளம், பின்னால் புல் முளைத்த மணல் மேடுகள், அதற்கும் பின்னால் ஒரு நன்னீர் ஏரி. தெற்கு முனையில் அம் புவாகில் என்ற தனிப் பாறைத் தூண் கடலுக்குள் நிற்கிறது, உயரம் சுமார் 65 மீட்டர். அவ்வளவு பெரிய கடற்கரையில் எங்களைத் தவிர விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். காற்று மணலை முழங்கால் உயரத்துக்கு வாரி இறைத்துக்கொண்டே இருந்தது, மகள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டாள். தண்ணீரில் இறங்காதீர்கள். கோடையிலும் உறைய வைக்கும் குளிர், இழுப்பும் பலம். உயிர்காப்பாளர் கிடையாது, போனும் வேலை செய்யாது. நல்ல காற்றுத் தடுப்புக் கோட்டு, குடிதண்ணீர், சாப்பாடு எல்லாம் நீங்களே சுமந்து போக வேண்டும், வழியில் கடை எதுவும் இல்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். புகார் அனுப்பியதற்கு அந்த நிறுவனம், "வானிலை எங்கள் கையில் இல்லை, பணம் திரும்பத் தர இயலாது" என்று பதில் அனுப்பியது. நான் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதையோ எழுதியதையோ நம்பி நாம் வாங்கினால், அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். "பத்து நிமிட நடை" என்ற அந்த வாட்ஸ்அப் செய்தி அதனால்தான் கைகொடுத்தது.

அதோடு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றைக் கடன் அட்டையில் வாங்கி ஏமாந்தால், அட்டை நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு. முன்பணத்தை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் அது பொருந்தும். வங்கிக்கு நேரடியாக அனுப்பச் சொன்னது இதைத் தவிர்க்கத்தான். முழுவதையும் அப்படி அனுப்பியிருந்தால் இந்தப் பிரிவு உதவாது. விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், பிளேர்மோரில் நாங்கள் எடுத்த படங்கள், அந்தத் தம்பதி எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். இழுத்தடித்தாலும் அட்டை நிறுவனம் முழுத் தொகையையும் திருப்பித் தந்தது. ரொக்கமாக வாங்கிய 50 பவுண்டு மட்டும் வரவில்லை, அதற்குச் சாட்சியம் எதுவும் காகிதத்தில் இல்லை.

ஸ்காட்லாந்தில் நடந்த விஷயங்களுக்கு அட்வைஸ் டைரக்ட் ஸ்காட்லாந்து என்ற இலவச ஆலோசனை அமைப்பில் புகார் சொல்லலாம், அவர்கள் வணிகத் தரக் கண்காணிப்புத் துறைக்கு அனுப்பி வைப்பார்கள். 5,000 பவுண்டு வரையான வழக்கை வக்கீல் இல்லாமலே அங்குள்ள ஷெரிஃப் நீதிமன்றத்தில் 'எளிய நடைமுறை' என்ற முறையில் போடவும் வழி இருக்கிறது. இன்னொன்று, ஒன்பது பயணிகளோ அதற்கு மேலோ ஏற்றும் வாடகை வேன்களின் முன் கண்ணாடியில், பயணிகளை ஏற்றும் உரிமம் இருப்பதைக் காட்டும் வட்டு ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் வேனில் அது கண்ணில் படவில்லை. ஏறும்போதே பாருங்கள், இல்லையென்றால் படம் எடுத்து வையுங்கள்.

அந்த விளம்பரப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. அதே ஜீப் படம், அதே "பெரியவர்களுக்கும் ஏற்றது" வாசகம். பாராட்டு விமர்சனங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை. உங்கள் கண்ணில் பட்டால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இன்னும் முடிவுக்கு வராத என் புகாரில் சேர்க்கிறேன். அதே வேனில் ஏறி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், உங்கள் கடிதமும் சேர்ந்தால் புகாருக்குப் பலம் கூடும்.