ஓப்பன் வாட்டர் முடிந்தது: அடுத்தது அட்வான்ஸ்டா, ஃபன் டைவா, நீச்சல் குளமா?

ஸ்கூபா டைவிங்கின் முதல் சான்றிதழான ஓப்பன் வாட்டர் அட்டை கைக்கு வரும்போது பெரும்பாலோர் கடலில் போட்டிருப்பது நான்கே டைவ்தான். 18 மீட்டர் வரை இறங்கலாம் என்கிறது அட்டை. நெஞ்சோ 5 மீட்டரிலேயே படபடக்கிறது. அந்தப் படபடப்பு போக மூன்று வழிகள் சொல்வார்கள்.

முதலாவது, கையோடு அடுத்த படியான அட்வான்ஸ்ட் கோர்ஸில் சேர்வது. பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் முறையில் இதற்கு 5 டைவ். ஆழ டைவும் நீருக்கடியில் திசையறிதலும் கட்டாயம். மற்ற மூன்று உங்கள் விருப்பம். திசைகாட்டியைப் பிடித்து நீங்களே போய்த் திரும்பினால் தெம்பு கூடுவது நிஜம். தொல்லை ஆழ டைவில்தான். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவருக்கு, ஆழத்தில் அழுத்தம் கூடுவதால், 10 மீட்டரில் 40 லிட்டர், 30 மீட்டரில் 80 லிட்டர் வேண்டும். 11 லிட்டர் டேங்கில் 200 பார் (காற்றழுத்த அளவு) நிரப்பி 50 பாரை மிச்சம் வைத்தால், 10 மீட்டரில் சுமார் 41 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். பதற்றத்தில் மூச்சு வாங்குபவருக்கு அதுவும் கிடைக்காது. காற்று மானியின் முள் இறங்குவதைப் பார்த்து இன்னும் வேகமாக இழுப்பார். உடனே சேரத்தான் வேண்டும் என்றால், விருப்ப டைவ்களில் ஒன்றாக மிதப்புக் கட்டுப்பாட்டை எடுத்து, அதையே முதலில் நடத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வழிகாட்டியோடு ஃபன் டைவ், அதாவது பாடம் எதுவும் இல்லாத உல்லாச டைவ். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இடம் பார்த்து. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) டிக்சன்ஸ் பினக்கிள் மாதிரி ஆழமான இடங்களைப் பிறகு பார்க்கலாம். கரையிலிருந்தே இறங்கும் நீமோ ரீஃப் முதலில். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை இறங்குங்கள். பாறை எங்கே என்று தெரிந்தபின்தான் கவனம் உங்கள் மூச்சுக்குத் திரும்பும்.

தண்ணீரில் இறங்க உதவும் ஈயக் கட்டிகள் கோத்த வெயிட் பெல்ட்டைச் சரிபாருங்கள். பயிற்சியில் மாணவர் மணலில் மண்டியிட்டு அசையாமல் இருக்கட்டும் என்று ஓரிரு கிலோ கூடுதலாகக் கட்டிவிடுவது உண்டு. அதே எடையோடு போனால், அதைச் சமாளிக்க பிசிடியில் (காற்றேற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கி) அதிகக் காற்று ஏற்ற வேண்டிவரும். 10 மீட்டரிலிருந்து 5-க்கு ஏறினால் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். 30-லிருந்து 25-க்கு ஏழில் ஒரு பங்குதான். ஆழம் குறைந்த இடத்தில் உடம்பு கட்டுக்கு அடங்காமல் மேலே இழுப்பது இதனால்தான். டைவ் முடிவில் 50 பார் இருக்கும்போது, மேற்பரப்பில் பிசிடியைக் காலி செய்து இயல்பான அளவு மூச்சை இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள்: தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்லத் தாழ வேண்டும். சட்டென்று தாழ்ந்தால் ஒவ்வொரு கிலோவாகக் கழற்றுங்கள். ஆரம்பத்தில், நிறைந்த டேங்கோடு சோதித்தால் 2 கிலோ சேர்க்க வேண்டும். டைவ் முடிவதற்குள் காற்று அவ்வளவு எடை குறைந்திருக்கும்.

ஃபன் டைவின் குறை, எல்லாவற்றையும் வழிகாட்டி பார்த்துக்கொள்வது. அவர் காலில் மாட்டிய ஃபின்னை (நீந்தும் துடுப்பு) பார்த்துக்கொண்டே பத்து டைவ் போட்டாலும் நீங்கள் பயணிதான். உபகரணங்களை நீங்களே பூட்டுங்கள். மானியைப் பார்க்கும் முன் எத்தனை பார் இருக்கும் என்று மனதில் கணித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அதே இடத்தில் பத்து நிமிடம் நீங்கள் முன்னால் போகக் கேளுங்கள். மொத்தம் எத்தனை டைவ், கடைசியாக எப்போது என்று படகிலேயே சொல்லிவிடுங்கள். சொல்ல வெட்கப்படுபவர்கள்தான் கீழே திணறுகிறார்கள்.

மூன்றாவது, குளம். சென்னையில் இருந்துகொண்டு ஆறு மாதம் கடல் பக்கமே போகாதவருக்கு இதுதான் முதல் படி. மாஸ்க்கைக் கழற்றி ஒரு நிமிடம் வாயால் மட்டும் மூச்சு விடுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை (டேங்கின் காற்றைத் தரும் கருவி) தேடி எடுப்பது இரண்டும் கை பழகும்வரை போதும். மூக்கில் தண்ணீர் ஏறியதும் மேலே பாயும் அனிச்சையைக் குளத்தில் அடக்குவது எளிது. எடைக் கணக்கை மட்டும் அங்கிருந்து கொண்டுவராதீர்கள். உப்புநீரில் கூடுதலாக 2 கிலோவுக்கு மேல்கூடத் தேவைப்படலாம்.

அட்வான்ஸ்டுக்கு எப்போது போகலாம்? 5 மீட்டரில், டேங்கில் 50 பாரோடு, காற்றேற்றும் பொத்தானைத் தொடாமல் மூச்சாலேயே 3 நிமிடம் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்காமல் நிற்க முடிகிற அன்று.