இங்கிலீஷ் கிராமர்: புத்தகப் பயிற்சியா, ஸ்போக்கன் கிளாஸா?

மதுரையில் காலேஜ் முடித்த பிள்ளைகள் நிறையப் பேர் கேட்பது இதுதான். என்னைக் கேட்டால், முதலில் விதியைப் படித்து உடனே பயிற்சி போடும் புத்தக வழிக்குத்தான் என் ஓட்டு.

காரணம் இருக்கிறது. தமிழில் 'பத்து வருஷமா மதுரையில இருக்கேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம், அதே பழக்கத்தில் 'ஐ ஆம் இன் மதுரை சின்ஸ் டென் இயர்ஸ்' என்று வந்துவிடும், ஆனால் அங்கே 'ஐ ஹேவ் பீன் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்' என்றுதான் வர வேண்டும். காலத்தின் அளவுக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். பேச்சு வகுப்பில் இப்படித் தப்பாகச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும், பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், திருத்த ஆள் இல்லாமல் அந்தத் தப்பு அப்படியே நாக்கில் உட்கார்ந்துவிடும். புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பி, பின்பக்க விடையோடு ஒத்துப்பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் 'ஏதோ சரியாத்தான் இருக்கு' என்ற உணர்வை நம்பி டிக் அடிக்க முடியாது. நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காசில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம்.

சரி, ஸ்போக்கன் கிளாஸ் வீணா? இல்லை. வாய் திறக்கவே கூச்சப்படுகிறவருக்கும், அடுத்த மாதமே இன்டர்வியூ வைத்திருப்பவருக்கும் அதுதான் சரி. சேருமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: எழுதிக் கொடுத்தால் திருத்தித் தருவார்களா?