ஒட்டாமல் சட்டமிடும் ஒரு கடை

பழைய சினிமாச் சுவரொட்டியைச் சட்டமிட விரும்புவோருக்கு வன்னியில் உள்ள முதற் சிக்கல், இங்குள்ள கண்ணாடிக் கடைகள் சாமிப் படங்களுக்கும் கலியாணப் படங்களுக்கும், எல்லாவற்றிலும் அதிகமாகக் காலமானவர்களின் படங்களுக்கும் பழகிப்போனவை என்பதாகும். அத்தகைய படங்களை ஹாட்போட் பலகையில் பசை பூசி இறுக ஒட்டிவிடுவார்கள். பிழை சொல்வதற்கில்லை, மங்கினால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். தர்மசேன பத்திராஜவின் இயக்கத்தில் 1977 ஆம் ஆண்டு வெளிவந்த ‘பொன்மணி’ என்னும் இலங்கைத் தமிழ்ப் படத்தின் சுவரொட்டிக்கு அப்படி ஒரு மாற்றுப் பிரதியை நான் எங்கே தேடுவது?

என்னிடம் உள்ள பிரதி, வவுனியாவில் ஒரு படமாளிகையில் நுழைவுச்சீட்டுக் கிழித்த என் மாமாவுக்குக் கிடைத்தது. 20 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் கொண்ட அந்தக் கடதாசியை எட்டாக மடித்து, காணி உறுதிகளுடன் சேர்த்து அவர் பொலித்தீன் பையில் வைத்திருந்தார். எத்தனை இடப்பெயர்விலும் உறுதிப் பையைக் கைவிடாத மனிதர் என்பதால் சுவரொட்டியும் தப்பியது. மடிப்புகள் வெளுத்தும், உறுதிகளுடன் சேர்த்துக் கவ்வியிருந்த கிளிப்பின் துருக்கறை மேல் மூலையில் பதிந்தும், முதுகில் பழைய செலோரேப் பழுத்த நிறத்தில் ஒட்டியும் அது என் கைக்கு வந்தது.

முதலில் வேறோர் ஊரில் காட்டியபோது, சூடாக்கிய அழுத்தியில் வைத்துப் பலகையில் ஒட்டி, மேலே லமினேற் செய்தால் மடிப்பே தெரியாது என்றார்கள். மடிப்புத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அவ்வாறு ஒட்டியதைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதோடு, சேகரிப்பாளர்களின் கண்ணில் அதன் மதிப்பும் அத்துடன் போய்விடும். அக்காலத்துச் சுவரொட்டிகள் மடித்தே அனுப்பப்பட்டவை ஆகையால், மடிப்புக் கோட்டை அவர்கள் பெரிய குறையாகக் கொள்வதில்லை.

பின்னர் கிளிநொச்சியில், கண்டி வீதியோரமுள்ள ஒரு சிறிய கடைக்குச் சென்றேன். தனியாளாக வேலை செய்பவர், கூட்டம் வந்தால் சமாளிக்க இயலாது என்று கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை எழுதவில்லை. எதையும் முழுமையாக ஒட்டக்கூடாது, எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, “ரீச்சர், ஒட்டாமல் தொங்கவிட்டால் மாரிக்கு நெளியும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது” என்றார். சொல்லமாட்டேன் என்றேன். முதுகிலிருந்த செலோரேப்பை நான் இழுக்கப்போக, “விடுங்கோ, கடதாசியும் சேர்ந்து வரும்” என்று தடுத்ததிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்துவிட்டது.

அமிலமற்ற பருத்தி மட்டையைக் கொழும்பிலிருந்தும், கைக்கு மெத்தென்ற யப்பானியக் கடதாசியைக் கனடாவிலுள்ள தங்கையிடமிருந்தும் நானே வருவித்திருந்தேன். பசை அவர் வீட்டில் தயாரானது. பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவி, அதிலுள்ள இழுபடும் புரதமான பசையத்தை (குளூட்டனை) நீக்கி, அடியில் தங்கிய மாச்சத்தை மட்டும் கஞ்சிபோல் காய்ச்சி, துணியில் வடித்துக் கொண்டுவந்திருந்தார். இந்தப் பசை ஈரம் பட்டால் மீண்டும் இளகும் என்பதே இதன் சிறப்பு. யப்பானியக் கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், தண்ணீரில் தோய்த்த தூரிகையால் கோடிழுத்து, அக்கோட்டில் மெல்லக் கிழித்தார். அப்படிக் கிழித்தால் ஓரம் இழையிழையாக முடிவதால், முன்பக்கத்தில் விளிம்பு புடைத்துத் தெரியாது. சுவரொட்டியைப் பருத்தி மட்டையுடன் இணைப்பவை இரண்டே துண்டுகள், சுவரொட்டியின் மேல்விளிம்பின் முதுகில், விரலகலப் பிடிப்பு. கீழ்ப்பகுதி முழுவதும் கட்டின்றித் தொங்குவதால், ஈரத்துக்கேற்ப விரியவும் சுருங்கவும் கடதாசிக்கு இடமுண்டு. பிடிப்புத் துண்டு சுவரொட்டியைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. சட்டம் தவறி விழுந்தால் முதலில் கிழிய வேண்டியது அதுதான்.

பின்பலகைக்கு ஹாட்போட் வேண்டாம், அதிலிருந்து கசியும் அமிலம் காலப்போக்கில் கடதாசியைப் பழுப்பாக்கும் என்பதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. கடைசியில், விளம்பரப் பலகைகளுக்குப் பாவிக்கும் நெளிவுப் பிளாஸ்ரிக் மட்டையை அவரே தேடி எடுத்தார். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் செருப்பு றப்பர்த் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்றோட்டம் விட்டது முழுக்க அவருடைய யோசனை.

குறைகளும் உண்டு. ஒரு கிழமையில் தருவதாகச் சொன்ன வேலை மூன்று கிழமைகள் இழுத்தது. முன்மட்டையில் படம் தெரிவதற்கான சாளரத்தை வெட்டும்போது கீழ் இடது மூலையில் கத்தி சற்றே தாண்டியிருக்கிறது; தேக்குச் சட்டத்தின் ஒரு மூலைப் பொருத்தில் மெழுகு வைத்து இடைவெளியை மறைத்திருக்கிறார். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அவரிடம் இல்லை. சாதாரண அக்கிரிலிக் தகடு பாரம் குறைந்ததாயினும் எளிதில் கீறுப்படும். நிலைமின்னால் எங்கள் செம்மண் புழுதியையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், 3 மில்லிமீற்றர் கண்ணாடியையே தெரிவுசெய்தோம். கண்ணாடி மட்டும் ஏறத்தாழ நாலரைக் கிலோ. அதற்கு ஒற்றை ஆணி போதும் என்ற அவர் கணிப்பை நான் ஏற்கவில்லை. சுவரில் இரண்டு கொழுக்கிகள் அடிப்பித்தேன்.

துண்டு துண்டாகக் கிழிந்த சுவரொட்டிகளை இங்கே கொடுக்க வேண்டாம். அவற்றுக்கு இடைக்கடதாசி வைத்துத் துணியில் ஏற்றும் முறை தேவை. அது வேறு கை, வேறு பயிற்சி. முழுதாக உள்ள கடதாசியென்றால், மட்டையை நீங்களே கொண்டுபோய், முன்னே நின்று செய்விப்பதானால், தயங்காமல் கொடுக்கலாம். கூலியும் கண்ணாடியும் தேக்கும் சேர்த்து என்னிடம் 14,000 ரூபா வாங்கினார். மட்டைச் செலவு வேறு.

வெயில் விழாத உள்சுவரில் மாட்டியிருக்கிறேன். கார்த்திகை மழையில், அவர் சொன்னபடியே, கீழ் வலது மூலை இலேசாக நெளிந்தது. தை மாதத்தில் தானாகவே நிமிர்ந்துவிட்டது.