மருந்துக்கடை புகார்: நுகர்வோர் ஆணையமா, போட்டி ஆணையமா?

‘எங்க பார்மசியிலதான் வாங்கணும்’ என்கிறது தனியார் மருத்துவமனை. தண்டையார்பேட்டையில் இரண்டு கடை தள்ளி அதே மாத்திரைக்குத் தள்ளுபடி கிடைக்கிறது. புகாரை எங்கே கொடுப்பது?

கட்டணம்
நுகர்வோர் ஆணையம்: நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை.
போட்டி ஆணையம் (சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் மத்திய அமைப்பு): தனிநபருக்கே 5,000 ரூபாய்.

கையில் என்ன வரும்
முதலாவதில் அதிகமாக வாங்கிய பணம், இழப்பீடு, செலவு. இரண்டாவதில் உங்களுக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. அபராதம் அரசுக்குப் போகும். இழப்பீடு வேண்டுமானால் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் (NCLAT) தனி மனு.

கெடு
நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டு, போட்டி ஆணையத்தில் 3 ஆண்டு.

நிரூபணம்
இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நுகர்வோர் வழக்குக்கு பில், மருந்துச்சீட்டு, கட்டாயப்படுத்தியதற்கான சான்று ஓரளவு போதும். 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டமோ, அந்த மருத்துவமனைக்குச் சந்தையில் ஆதிக்கம் உண்டா, அதைத் தவறாகப் பயன்படுத்தியதா என்று கேட்கும். ராயபுரத்துச் சின்ன நர்சிங்ஹோம் அதில் சிக்காது. டெல்லியில் ஒரு சிரிஞ்ச் விலையை வைத்து 2015-ல் கொடுத்த புகார், 2018-ல் பெரிய மருத்துவமனைகள் மீதான விரிந்த விசாரணையானது. அதுவும் வருடக்கணக்கில் இழுத்தது.

சொந்தப் பணம் திரும்ப வேண்டுமா, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பெரிய சங்கிலி மருத்துவமனையின் வழக்கத்தையே மாற்ற வேண்டும், பின்னால் ஒரு சங்கமும் வக்கீலும் இருக்கிறார்கள் என்றால் டெல்லியில் உள்ள போட்டி ஆணையம். அப்புறம், எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் வழக்கு நிற்காது.