காலேஜ் மாத்தணுமா? சுங்கை சிப்புட் மாடிக்கடை: சிலபஸ் வேலைக்கு போலாம், லோனுக்கு வேணாம்

சுங்கை சிப்புட் டவுன்ல போட்டோஸ்டாட் கடைக்கு மேல ஒரு எஜுகேஷன் சென்டர் இருக்கு, வெளிய முழுக்க காலேஜ் பேனரா தொங்கும், எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்ச பிள்ளைங்கள சேத்து விடுற எடம்னுதான் பாதி பேரு நெனைக்கிறாங்க. காலேஜ் மாத்துற வேலையும் அங்க பாக்குறாங்க. தங்கச்சி கேஎல்ல டிப்ளோமா அக்கவுண்டிங் ரெண்டு செமெஸ்டர் முடிச்சிருந்தா, ரூம் வாடகை சாப்பாட்டு செலவெல்லாம் அம்மாவோட தோட்டத்து சம்பளத்துல தாங்கல, ஈப்போக்கு மாத்திட்டா வீட்ல இருந்தே போய் வரலாம்னு அங்க போனோம்.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான், "மறுபடியும் மொதல்ல இருந்தா படிக்கணும்?" வேற ஒரு ஏஜென்ட் போன்லயே, படிச்ச பாடமெல்லாம் புதுக் காலேஜ்ல கணக்குல ஏறிடும் லா, ஐசி கார்ட வாட்ஸாப் பண்ணுங்கன்னான். இந்த சென்டர்ல இருக்கிற அக்கா அப்படி இல்ல, "டிரான்ஸ்கிரிப்ட் பாக்காம நான் வாயத் தொறக்க மாட்டேன் ஆண்ட்டி"ன்னுட்டாங்க. அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

மொதல்ல எம்கியூஆர்ங்கிற அங்கீகார லிஸ்ட்ட ஆன்லைன்ல தொறந்து ரெண்டு காலேஜ் கோர்ஸும் அதுல இருக்கான்னு காட்டுனாங்க. எம்கியூஏ (கோர்ஸோட தரத்த பாக்குற அரசாங்க அமைப்பு) அங்கீகாரம் குடுத்த கோர்ஸெல்லாம் அதுல இருக்கும், இத நீங்க வீட்லயே போன்ல சும்மா பாத்துக்கலாம், இதுக்கு கடை வேணாம். கடை வேணும்னா அடுத்த வேலைக்குதான், அதாவது பழைய பாடம் புதுக் காலேஜ்ல ஏறுமான்னு சிலபஸ ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு. பாடத்தோட பேரு ஒண்ணா இருந்தா போதாது, உள்ள இருக்கிற விஷயம் 80% ஒத்துப் போகணும், கிரெடிட்டும் ஈடா இருக்கணும், கிரேடு சிக்கு கீழ இருந்தா பாஸா இருந்தாலும் ஏறாது. ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டாப்பிக் டாப்பிக்கா ஹைலைட்டர் போட்டாங்க, பொறுமைன்னா அது பொறுமை. பிசினஸ் மேத்ஸ்னு ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு, ஆனா பழைய காலேஜ்ல புள்ளியியல் பாதி, புதுசுல அது தனி பாடம், "இது கஷ்டம்"னு அப்பவே சொல்லிட்டாங்க, அதே மாதிரி புதுக் காலேஜ் அத தள்ளிருச்சு. வேற பேருல இருந்த கம்ப்யூட்டர் பாடம் ஏறிருச்சு. எம்பியூ பாடங்கள்ல (எல்லாரும் கட்டாயம் படிக்கிற பொதுப் பாடங்கள்) பிரச்சன இல்ல.

கடைசி முடிவு புதுக் காலேஜ் கையிலதான், எந்த ஏஜென்ட்டும் வாக்கு குடுக்க முடியாது. அத அவங்களே சொன்னாங்க. தங்கச்சிக்குதான் ஒரு கடுப்பு, ஏறுன பாடத்துக்கு கிரெடிட் மட்டும்தான் போட்டாங்க, கஷ்டப்பட்டு எடுத்த ஏ கிரேடு புது பாயிண்டர்ல (சராசரி மார்க்குல) சேரல.

சிலபஸ் வேலைக்கு 80 வெள்ளி. காலேஜ்ல சேக்கிறதுக்கு காசு இல்ல, ஏன்னா காலேஜே கமிஷன் குடுக்குதாம், கேட்டா மறைக்காம சொல்றாங்க. அதனாலதான் சுவத்துல இருக்கிற காலேஜ் மட்டும் வாயில வரும், பொலிடெக்னிக், கொலேஜ் கொமுனிட்டி பத்தி நீங்களா கேட்டாதான் உண்டு.

லோன் விஷயத்துல சுத்தமா வேஸ்ட். தங்கச்சி வாங்குன அரசாங்க படிப்புக் கடன் பிடிபிடிஎன் பத்தி கேட்டதுக்கு, "பிடிபிடிஎன் அப்படியே கூட வந்துரும்"னு அசால்ட்டா சொன்னாங்க. எங்க வரும்? ஒப்பந்தம் போட்டது அந்த காலேஜ் அந்த கோர்ஸுக்கு, மாத்துனா பிடிபிடிஎன்கிட்ட முறையா சொல்லித்தான் ஆகணும். பழைய காலேஜ்ல இருந்து விலகுறதுக்கு முன்னாடியே நேரா பிடிபிடிஎன் கவுண்டருக்குப் போய் கேட்டுக்குங்க.

அவங்க சொன்னதுல தங்கமான விஷயம் ஒண்ணு, புதுக் காலேஜ் ஆஃபர் லெட்டர் கைக்கு வராம பழைய எடத்துல விலகுற ஃபாரம்ல கையெழுத்து போடாதீங்க, கோர்ஸ் அவுட்லைன்ல (பாடத்துல என்னென்ன இருக்குன்னு காட்டுற தாள்) பழைய காலேஜ் முத்திரை குத்தி மொதல்லயே வாங்கி வச்சிருங்க. பழைய காலேஜ் பாக்கி பீஸ் கட்டுற வரைக்கும் ஒரிஜினல் டிரான்ஸ்கிரிப்ட்ட குடுக்காம இழுத்தடிச்சுது, நல்லவேள அவுட்லைன் கையில இருந்ததால சிலபஸ் வேல நிக்கல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. எஸ்பிஎம் ரிசல்ட் வந்த வாரம்னா அந்தப் பக்கமே போகாதீங்க, படிக்கட்டு வரைக்கும் ஆளு.