உலோகத் தூள்களுக்கான வெப்ப அறை: சூடேற்றுவதில் நிறைவு, குளிர்விப்பதில் குறை

எக்ஸ் கதிர்கள் படிகத்தில் பட்டுச் சிதறும் கோணங்களைக் கொண்டு அணு அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் விளிம்பு விளைவுக் கருவியுடன் பொருத்தி, தூளைச் சூடாக்கியபடியே அளக்க உதவும் பட்டை வகை (தூளைத் தாங்கும் பட்டையே அதைச் சூடேற்றும்) வெப்ப அறை ஒன்றைத் துத்தநாகத் தூளைக் கொண்டு ஆராய்ந்ததன் அடிப்படையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

துத்தநாகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. அதன் அறுங்கோணப் படிகம் சி அச்சின் (அறுங்கோணத் தளத்துக்குச் செங்குத்தான அச்சு) திசையில் ஒரு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 61 பங்கும், அதற்குச் செங்குத்தான திசைகளில் ஏறத்தாழ 15 பங்கும் விரிகிறது. தூளின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் வெவ்வேறு திசை நோக்கிய பல படிகங்கள் ஒட்டியிருப்பதால், வெப்பநிலை 100 பாகை குறையும்போது அவை தனித்தனியே சுருங்க விரும்பும் அளவுகள் திசைக்குத் திசை ஏறத்தாழ 0.46 விழுக்காடு வரை வேறுபடுகின்றன. அண்டைப் படிகங்கள் அதைத் தடுக்கவே, சி அச்சின் வழியே இழுதகைவும் (இழுக்கும் உள்விசை) குறுக்கே அமுக்கத் தகைவும் (நெருக்கும் உள்விசை) தங்கிவிடுகின்றன. துகள்கள் தளர்வாகக் கிடப்பதால் இந்தத் தகைவு நீங்கிவிடும் என்று கருதுவது தவறு, ஏனெனில் அது ஒவ்வொரு துகளின் உள்ளேயே பிறக்கிறது. எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் விரியும் கனசதுரப் படிகங்களான செம்பிலும் ஈயத்திலும் இவ்வகைத் தகைவு எழுவதில்லை. தகரம், காட்மியம், துத்தநாகம் ஆகியவை மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்ந்தாலே நிலையாக உருக்குலையும் என்பதையும், ஈயம் அவ்வாறு ஆவதில்லை என்பதையும் உலோகவியலாளர்களான போவாஸும் ஹனிகோம்பும் 1940களிலேயே காட்டியுள்ளனர்.

அறை விரைவாகச் சூடேறி, குறித்த வெப்பநிலையில் அசையாமல் நிற்கிறது. ஆர்கான் வளிமத்தை நிரப்பும் வசதி மிகவும் பயனுள்ளது. வெற்றிடத்தில் துத்தநாகம் தன் உருகுநிலையான 419.5 பாகை செல்சியசுக்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும். எனினும் வெப்ப உணரி பட்டையின் அடியில் இருப்பதால் தூளின் மேற்பரப்பு திரையில் தெரிவதைவிடக் குளிர்ந்தே இருக்கிறது. பட்டை விரியும்போது மாதிரியின் உயரமும் மாறி, பதிவில் தெரியும் எக்ஸ் கதிர் முகடுகள் இடம்பெயர்கின்றன. விரியும் அளவு நன்கு அறியப்பட்ட சிலிக்கான் தூளை ஒப்பீட்டுக்காகக் கலந்து திருத்தம் செய்யாமல் இந்த அளவீடுகளை நம்பக் கூடாது.

பெரிய குறை குளிர்விப்பதில்தான் இருக்கிறது. உயர் வெப்பநிலையில் உண்டாகும் தகைவை உலோகம் ஊர்ந்து (மெல்ல மெல்ல உருமாறி) தளர்த்திக்கொள்ளும். கடைசி நூறு பாகையளவில் அந்தத் தளர்வு மந்தமாவதால் தகைவு தேங்குகிறது. சரியாக அந்தக் கட்டத்தில்தான், குளிர்விக்கும் அமைப்பு ஏதும் இல்லாத இந்த அறை நாம் குறித்த வேகத்தைக் கைவிட்டுத் தன் போக்கில் குளிர்கிறது. கட்ட மாற்றங்களை (படிக அமைப்பு வேறொன்றாக மாறுவதை) ஆராய்வோர் இதைத் தயங்காமல் வாங்கலாம்; உட்தகைவை அளக்க விரும்புவோர், மாதிரியைச் சுற்றிலும் சூடேற்றும் அமைப்பும் வளிம ஓட்டத்தால் குளிர்வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் உள்ள அறையையே கேட்டுப் பெற வேண்டும்.